வீடே கூடி வாங்கிய கம்பியூட்டர்

என்னுடைய பழைய கம்பியூட்டர், மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் செத்துப்போனது. சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஏதோ பொரிந்தது. கருவாடு கருகியது மாதிரி ஒரு மணம் வந்தது. அவ்வளவுதான். திருத்துகிறவர் வந்து மூடியைக் கழற்றினார். பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி முட்டையிட்டு, முட்டைகளோடு தானும் கருகிக் கிடந்தது. மிச்சமெல்லாம் துரு. நிந்தவூரில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். அவர் ஸ்க்ரூ ட்ரைவரால் ஓரிடத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது கம்பியூட்டர் இல்ல ராத்தா. ஒலுவில் துறைமுகத்தில ஏத்திப் போட்டிரிக்கிற பழைய போட்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அபாயாக்களுக்குப் பூவேலை டிசைன் செய்வது என் தொழில். மருதமுனையில் ஒரு தையல் பட்டறை இருக்கிறது. அவர்களுக்கு வேண்டிய கொடியையும் பூவையும் நான் வீட்டிலிருந்து கம்பியூட்டரில் தையல் தையலாக வைத்து அனுப்புவேன். அங்கே மெசின் அதைப் பார்த்துத் தைக்கும். நோன்புப் பெருநாளுக்கான வேலை குவிகிற நேரம் அது. பட்டறைக்காரி ஏற்கெனவே இரண்டு தரம் ஃபோன் எடுத்திருந்தாள்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சுமாரான ஒரு புரொசசர், கொஞ்சம் தாராளமாக ரேம், துருப்பிடிக்காத ஒரு பெட்டி. இதை அன்று பகல் சாப்பாட்டில் நான் தெளிவாகத்தான் சொன்னேன். சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அதன் பிறகு அந்தக் கம்பியூட்டரைப் பற்றி என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

என் கணவர் அரசாங்க உத்தியோகத்தர். அன்றைக்கே யூடியூப்பில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். கம்பியூட்டரைத் தனித்தனிப் பாகமாக வாங்கிப் பூட்டுவது எப்படி என்று அமெரிக்காக்காரனும் இந்தியாக்காரனும் சொல்லித்தந்தார்கள். இரண்டு நாளில் அவர் வேறு ஆளாகிவிட்டார். 'பொட்டில்நெக்' என்ற சொல் அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் உம்மாவிடம் போய், "மாமி, ஒரு பாகம் வேகமா இருந்து மத்தப் பாகம் மெதுவா இருந்தா, பொட்டில்நெக் வரும்" என்றார்.

"ஆருக்கு?" என்று உம்மா பதறினார்.

"கம்பியூட்டருக்கு மாமி."

"நான் பயந்துட்டன். வெயில்ல திரிஞ்சா மனிசருக்கும் உப்பிடித்தான் வாற. இளநி குடிங்க."

உம்மாவும் வாப்பாவும் எங்கள் வளவிலேயே, பின்பக்கத்துச் சின்ன வீட்டில் இருக்கிறார்கள். பெரிய வீடு எனக்குக் கலியாணத்துக்குத் தந்தது. எங்கள் ஊர்களில் அப்படித்தான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ஆனால் வீட்டைத் தந்ததால் வீட்டில் நடக்கிற காரியங்களையும் தந்துவிட்டதாக வாப்பா நினைத்தது கிடையாது. அவருக்கு இறக்காமத்தில் வயல் இருக்கிறது. வாழ்க்கையில் அவர் வாங்கிய பெரிய சாமான்கள் எல்லாம் உழவு மெசின், தண்ணி மோட்டர், மருந்தடிக்கிற மெசின் என்ற வகை. கம்பியூட்டரையும் அந்த வரிசையில் வைத்துத்தான் அவர் யோசித்தார்.

"மகள், மெசின் எடுக்கிறண்டா ஒண்டைப் பாக்கணும். என்ஜின் சின்னனாப் போனா எப்பவும் இழுபாடு" என்றார்.

"வாப்பா, அது உழுறதில்லயே."

"உழாட்டி என்ன, இழுக்கத்தானே வேணும்."

கத்தாரில் வேலை செய்கிற என் தம்பி வாட்ஸ்அப்பில் வந்தான். ஃபோனைச் சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தோம். "ராத்தா, புரொசசர் என்ட பொறுப்பு. இஞ்ச நல்ல சாமான் இரிக்கி. இந்தக் கிழமை ஊருக்கு வாற ஆள்கிட்டக் குடுத்து விடுறன். மத்ததெல்லாம் நீங்க அங்க எடுங்க" என்றான்.

"எந்த மாதிரிப் புரொசசர் எண்டு முதல்ல சொல்லு. அதுக்குப் பொருந்துற மதர்போர்ட்தான் எடுக்கணும்" என்றேன் நான்.

"எல்லாம் பொருந்தும் ராத்தா. நீங்க யோசிக்காதீங்க" என்றான். என் கணவர் அவனோடு இன்னும் கொஞ்சம் கதைத்து, தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று தலையாட்டினார். ஃபோனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆம்பிளைகள் ஒரே நேரத்தில் தலையாட்டினால், நான் என்ன செய்ய முடியும்?

கல்முனைக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். உம்மா ஏன் வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கல்முனைக்குப் போகிற எந்த வாகனத்திலும் உம்மாவுக்கு ஓர் இடம் உண்டு. கடை ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடைக்காரர் முப்பது வயது மதிக்கத்தக்கவர், நல்ல மரியாதை. "வாங்க ஹாஜியார், இரிங்க" என்று வாப்பாவை வரவேற்றார்.

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல்ல தம்பி."

"இன்ஷா அல்லாஹ் போவீங்க. என்ன பாக்கிறீங்க?"

"முதல்ல என்ஜினக் காட்டுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர், "மாமா பவர் சப்ளையைச் சொல்றாங்க" என்று மொழிபெயர்த்தார். கண்ணாடி மேசையில் மூன்று பவர் சப்ளைகளை வைத்தார்கள். வாப்பா பெட்டியில் எழுதியிருந்த எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, விதைநெல் மூட்டையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் ஆட்டினார். கடைசியாக மிகப் பாரமானதை வைத்துக்கொண்டு, "இது" என்றார்.

"ஹாஜியார், அது பெரிய கேமிங் மெசினுக்குப் போடுறது. உங்களுக்கு அவ்வளவு தேவப்படாது."

"நீங்க இறக்காமம் வந்திரிக்கீங்களா தம்பி?"

"இல்ல ஹாஜியார்."

"வாய்க்காலுக்குப் பக்கத்தில எண்டு சின்ன மோட்டர் வாங்கினன். மறுகா வாய்க்கால் வத்திப்போச்சு. ஆத்திலயிருந்து இழுக்க வேண்டி வந்திச்சு." வாப்பா பவர் சப்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

என் கணவர் ரேமைப் பற்றி மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் கடைக்காரர் மறுமொழி சொல்லத் தொடங்கியதும் அவரே மீதியைச் சொல்லி முடித்தார். பரீட்சை வைத்தது யார், எழுதியது யார் என்று எனக்கு விளங்கவில்லை. மதர்போர்டைத் தெரிவுசெய்யும் நேரத்தில் கடைக்காரர், "புரொசசர் எது?" என்று நியாயமாகக் கேட்டார். "கத்தாரிலயிருந்து வருது" என்றார் என் கணவர்.

"அது சரி. ஆனா எது?"

"நல்லது."

கடைக்காரர் ஒரு பெருமூச்சு விட்டு, இப்போது அதிகமாக விற்கிற மதர்போர்டை எடுத்து வைத்தார்.

அதற்குள் உம்மா கேசிங் அடுக்கியிருந்த பக்கம் போயிருந்தார். அங்கே ஒரு கேசிங் இருந்தது: ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே நாலு ஃபேன்கள், அவை சிவப்பும் பச்சையும் நீலமுமாக நிறம் மாறி மாறிச் சுழன்றன. உம்மா முகத்தைச் சுளித்தார். "இதென்னகா இது? வயிறு குடலெல்லாம் வெளியில தெரியிது."

எனக்கு வேண்டியது பக்கத்தில் இருந்த கறுப்பு இரும்புப் பெட்டி. அதைக் காட்டினேன். ஆனால் வாப்பா ஏற்கெனவே எழுந்து அந்த நாலு ஃபேனுக்கும் முன்னால் போய் நின்றிருந்தார். பவர் சப்ளை அவர் கையிலேயே இருந்தது. நிறங்கள் அவருடைய வெள்ளைத் தாடியில் மாறி மாறி விழுந்தன. நெல்லுக் காயவைக்கிற மெசின் முன்னால் நிற்கிற அதே நிலை. "நாலு ஃபேன்" என்றார் மெதுவாக. "சூடே வராது."

கடைக்காரர் அப்போதுதான் கேட்டார்: "இந்தக் கம்பியூட்டர் ஆருக்கு?"

"வீட்டுக்கு" என்றார் என் கணவர்.

"குடும்பத்துக்கு" என்றார் வாப்பா.

"எனக்கு" என்றேன் நான்.

கடைக்காரர் கண்ணாடிக் கேசிங்கையும் என்னையும் பார்த்துவிட்டு, "ராத்தா கேம் விளையாடுவீங்களா?" என்று கேட்டார்.

"தைப்பன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தார். கண்ணாடிக் கேசிங்கில் எல்லாவற்றையும் பூட்டித் தந்தார். புரொசசருக்கான இடம் மட்டும் மூடியோடு வெறுமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்து, சரிபார்க்க என்று என் கணவர் சுவிட்சைப் போட்டார். மூளை இல்லாத கம்பியூட்டர் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. ஆனால் ஃபேன்கள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன. சாலை என்று நாங்கள் சொல்கிற முன்கூடம் முழுக்க ஒரு நீலம் வந்து, பிறகு ஊதாவாகி, பிறகு பச்சையாகியது. கடையில் முகம் சுளித்த உம்மா கதவடியில் நின்று பார்த்தார். "மறைச்சு ஒரு சீலையப் போடு" என்று எனக்குச் சொன்னார். ஆனால் அவர் கண் அங்கேயே இருந்தது.

அபாயாவில் மிஞ்சிய கறுப்புத் துணியில் ஒரு உறை தைத்துப் போட்டேன். இரண்டு நாள் அது அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு நான் குளித்துவிட்டு வரும்போது, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எங்கள் சாலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். உறை கதிரையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன.

"மாஷா அல்லாஹ்" என்றாள் அவள். "இது என்ன செய்யும்?"

"இப்போதைக்கு எரியும்" என்றார் உம்மா. "மத்ததெல்லாம் கத்தாரிலயிருந்து வருது."

அந்தக் கிழமை எங்கள் வீட்டுக்கு வழமையை விட அதிகமான ஆட்கள் வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி வந்து, கொஞ்ச நேரம் இருந்து, நிறம் மாறுவதைப் பார்த்து, துஆச் செய்துவிட்டுப் போனார்கள். உம்மாவின் சாச்சி முறையான ஒருவர், தன் பேத்தியின் கலியாணத்துக்கு மணப்பெண் அறையில் வைக்க ஒரு நாளைக்கு மட்டும் தர முடியுமா என்று கேட்டார். நான் ஏலாது என்றேன். உம்மாவின் முகம் வாடியது. அதற்கிடையில் பட்டறைக்காரி ஃபோன் எடுத்தாள். "கம்பியூட்டர் வந்திட்டா?" என்றாள். வந்துவிட்டது என்று சொன்னால் வேலை எங்கே என்பாள். வரவில்லை என்றால், பாதி ஊர் பார்த்துவிட்டுப் போன ஒன்றை எப்படி வரவில்லை என்பது? "எரியுது. இன்னும் வேலை செய்யல்ல" என்றேன்.

புரொசசர் ஒலுவிலுக்கு வந்து சேர்ந்தது. தம்பியோடு வேலை செய்கிறவர் லீவில் வந்தபோது கொண்டுவந்திருந்தார். நானும் கணவரும் மோட்டார் சைக்கிளில் போனோம். அந்த வீட்டு உம்மா எங்களை இருத்தி, பிஸ்கட் தந்து, "உங்கட சாமான் பத்திரமா இரிக்கி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பிரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. என் கணவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

அந்த அம்மா வெளியே வந்து ஒரு சின்னப் பெட்டியை எங்களிடம் நீட்டினார். பெட்டி வியர்த்துக் குளிர்ந்திருந்தது. "சொக்கலேட்டோட ஒண்டா வந்திச்சு. கரைஞ்சுபோகும் எண்டு மேல் தட்டில வச்சன்" என்றார். அவர் முகத்தில் இருந்த அக்கறையைப் பார்த்தால் எதுவும் சொல்ல வாய் வராது. நாங்கள் நன்றிக்கு ஜஸாக்கல்லாஹ் சொல்லி வாங்கிக்கொண்டோம். திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவர், ஈரம் பட்டால் புரொசசருக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றித் தான் பார்த்த வீடியோக்களை நினைவுபடுத்தினார். அமெரிக்காக்காரன் பிரிட்ஜைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் அவர் பெட்டியை மேசையில் வைத்து, ஒரு நாளைக்கு யாரும் தொடக்கூடாது, தானாகக் காயட்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். பகல் அவர் திரும்பி வந்தபோது பெட்டி வெறுமையாக இருந்தது. முற்றத்தில் உம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கையில் ஈர்க்குக் கட்டோடு காகம் கலைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இரண்டு சுளகுகள். ஒன்றில் நெத்தலிக் கருவாடு. மற்றதில், நடுவில், தனியாக, புரொசசர்.

"மாமி!" என்றார் என் கணவர்.

"நல்லாக் காஞ்சிட்டு" என்றார் உம்மா. "மறுபக்கமும் பிரட்டிப் போட்டன்."

என் கணவர் குனிந்து அதை எடுத்தார். உம்மா பிரட்டிப் போட்டிருந்த பக்கம் வெயிலில் மின்னியது. அதைப் பார்த்தவர் அப்படியே நிமிராமல் நின்றார். புரொசசரின் வயிற்றில் நூற்றுக்கணக்கான மெல்லிய பொன்னிறக் கால்கள் முளைத்திருந்தன. நாங்கள் வாங்கிய மதர்போர்ட்டில் அந்தக் கால்கள் போக ஓட்டைகள் கிடையாது. அதற்குப் பொருந்துவது கால் இல்லாத ஜாதி.

தம்பிக்கு ஃபோன் போட்டோம். "கடையில நிண்ட ஆள் இதுதான் ஆகத் திறம் எண்டான் ராத்தா" என்றான். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "மச்சான் சொன்னது எனக்குச் சரியா விளங்கல்ல" என்றான். மச்சான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வாப்பா வயலில் இருந்து வந்ததும் விசயத்தைச் சொன்னோம். மதர்போர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்தப் புரொசசருக்குப் பொருந்துகிற வேறொன்று எடுப்பதுதான் லேசான வழி என்று நான் சொன்னேன். வாப்பா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இது என்ன நடைமுற? மாப்பிள எல்லாத்துக்கும் பொருந்தி வாறதுதானே. வந்த மாப்பிளைக்காக வீட்ட இடிச்சிக் கட்டுறதா?"

என் கணவர் கூரையைப் பார்த்தார். பதினைந்து வருசமாக இந்த வீட்டில் இருக்கிற மாப்பிள்ளை அவர். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கடைசியில் வீட்டைத்தான் மாற்றினோம். கல்முனைக் கடைக்காரர் ஒன்றும் முணுமுணுக்காமல் மதர்போர்டைத் திருப்பி எடுத்தார். ஆனால் நமக்குப் பொருந்துவது கையிருப்பில் இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார். கேசிங், பவர் சப்ளை, ஃபேன் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. அந்தக் கொஞ்ச நாளில்தான் வாப்பாவின் வேளாண்மை கதிர் முற்றத் தொடங்கியது. கதிர் முற்றினால் இறக்காமத்தில் யானை வரும்.

ஒரு நாள் காலை சாலைக்கு வந்து உறையைத் தூக்கியபோது கேசிங்கின் கண்ணாடி திறந்திருந்தது. உள்ளே ஃபேன்கள் இருந்த இடத்தில் நாலு வட்ட ஓட்டைகள். கள்ளன் என்றுதான் நினைத்தேன். என் கணவரை எழுப்பினேன். அவர் எழுந்து உட்கார்ந்து, தலையணையைப் பார்த்துக்கொண்டே, "மாமா கேட்டார்" என்றார்.

"என்ன கேட்டார்?"

"அது பன்னிரண்டு வோல்ட்தானே எண்டு நான் வாய் தவறிச் சொல்லிட்டன். உழவு மெசின் பெட்டரியும் பன்னிரண்டு வோல்ட். நேத்துப் பின்னேரம் நான்தான் வயர் பூட்டிக் குடுத்தன்." பிறகு கொஞ்சம் பெருமையோடு, "அங்க வாடியில கட்டினதும் ஒரே முறையில சுத்திச்சு" என்றார்.

வாடி என்பது வயல் காவலுக்குக் கட்டியிருக்கிற குடில். அதன் நாலு கம்பிலும் நாலு ஃபேனைக் கட்டி, நாலு திசைக்கும் நிறம் மாறுகிற வெளிச்சம் போகும்படி வாப்பா செய்திருந்தார். யானை ஒரே மாதிரி எரிகிற விளக்குக்குப் பழகிவிடுகிறதாம்; மாறிக்கொண்டே இருந்தால் உள்ளே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுமாம். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரே யோசித்தது.

நான் கோபித்தேன். பிறகு எதற்காகக் கோபிக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த ஃபேன்களை நான் கேட்டதே இல்லை.

மதர்போர்ட் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, பூட்டுகிற வேலை நடந்தது. புரொசசரின் கால்கள் ஓட்டைகளில் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தன. வெயில் அதற்கு ஒன்றும் செய்திருக்கவில்லை. அடுத்தது, புரொசசருக்கும் அதன் மேல் வைக்கிற குளிரூட்டிக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பசை பூச வேண்டும். இந்த இடத்தில் என் கணவர் நின்றுபோனார். நடுவில் ஒரு பொட்டாக வைக்க வேண்டும் என்கிறானாம் ஒருவன். சிலுவை மாதிரி என்கிறானாம் மற்றவன். நீட்டாக ஒரு கோடு என்கிறானாம் இன்னொருவன். மூன்று பேரும் மற்ற இரண்டு பேரையும் முட்டாள் என்கிறார்கள். அவர் பசைக் குழாயைக் கையில் பிடித்தபடி ஃபோனில் மூன்று வீடியோக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

உம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். எங்கள் வட்டாரத்தில் கலியாணக் கேக்குக்கு ஐசிங் பூசுவது அவர்தான். குசினிக்குப் போய் ஒரு பட்டர்க் கத்தியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். "தாங்க தம்பி" என்று என் கணவரிடமிருந்து குழாயை வாங்கினார். பிஸ்மி சொல்லிக் கொஞ்சம் பிதுக்கினார். கத்தியைச் சாய்த்து ஒரு இழுப்பு, திருப்பி ஒரு இழுப்பு. ஓரத்தில் வழிந்ததை விரலால் வழித்து, அதை வாய்க்குக் கொண்டுபோகப் போனவரின் கையை நான் எட்டிப் பிடித்தேன்.

"பழக்கம்" என்றார் உம்மா.

கம்பியூட்டர் முதல் தடவையிலேயே வேலை செய்தது. விளக்கு இல்லை, சத்தமும் இல்லை. கேசிங்கில் நாலு ஓட்டை மட்டும் திறந்து கிடந்தது. சூடாகுமோ என்று என் கணவர் ஒரு மேசை ஃபேனைக் கொண்டுவந்து அதன் பக்கம் திருப்பி வைத்தார். அன்றைக்கே நான் வேலையில் உட்கார்ந்தேன். கழுத்தைச் சுற்றி ஒரு கொடி, கையோரத்தில் சின்னச் சின்ன மொட்டு. பழைய கம்பியூட்டரில் ஒரு இதழை நகர்த்திவிட்டு, அது நகருமட்டும் அரிசி களைந்து வைத்துவிட்டு வரலாம். இதில் கையோடு வந்தது. வாப்பா மடியில் வைத்துக் கொண்டுவந்த பவர் சப்ளையில் பாதிக்கும் வேலை இருந்திருக்காது.

யானை இரண்டு கிழமையாக வாப்பாவின் வயலுக்கு வரவில்லை. பக்கத்து வயலுக்கும் வரவில்லை. அதற்கு அடுத்த வயலுக்கும் வரவில்லை. அந்தப் பக்கமே அது வரவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் வாப்பாவின் ஃபேன்களைப் பற்றிய பேச்சு வயல் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு நாள் கல்முனைக் கடைக்காரர் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"ராத்தா, ஒரு விசயம் கேக்கணும். இறக்காமத்திலயிருந்து ஆக்கள் வாறாங்க. கம்பியூட்டர் வேணாமாம். ஃபேன் மட்டும் வேணுமாம். ஒருத்தர் கேக்கிறார், பச்ச நெறம் கூடவா எரியிறது இரிக்கா எண்டு. யானைக்குப் பச்ச பிடிக்காதாமே?"

"ஆரு சொன்ன?"

"ஹாஜியார்தானாம்."

"இரிக்கிறதக் குடுங்க" என்றேன்.

அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால், யானை வந்தது. தனி யானை. காலையில் வாப்பா வயலிலிருந்து ஃபோன் எடுத்துச் சொன்னபோது, எங்களுக்கு முதலில் உயிரே போனது. ஆனால் அன்றைக்கு வாடியில் யாரும் படுத்திருக்கவில்லை. கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி நானும் போய்ப் பார்த்தேன். வயலின் ஒரு மூலையில் கதிர் மிதிபட்டுக் கிடந்தது. சாப்பிட்டது கொஞ்சம்தான். காலடிகள் நேராக வரம்பால் வந்து, வாடியைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டு, ஃபேன் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆழமாகப் பதிந்து, பிறகு வந்த வழியே திரும்பியிருந்தன. வாடியில் ஒரு கம்பும் அசையவில்லை. ஃபேன்கள் பகல் வெளிச்சத்தில் மங்கலாகச் சிவந்து, நீலமாகி, சுழன்றுகொண்டேயிருந்தன.

வாப்பா காலடிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். அவர் கவலைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆறுதல் சொல்லப் பக்கத்தில் போனேன்.

"பயந்து ஓடல்ல மகள்" என்றார். "பாக்கத்தான் வந்திரிக்கி."

அடுத்த கிழமை வெட்டு மெசின் வந்து வேளாண்மையை வெட்டிக்கொண்டு போனது. வாப்பா ஃபேன்களை ஒரு உரப் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். இதழ்களுக்கு இடையில் பூச்சியும் உமியும் ஒட்டியிருந்தன. ஒன்று சுழலவேயில்லை. அவற்றை மேசைக்கடியில் வைத்துவிட்டு நான் வேலையில் இருந்தேன். வாப்பா போகவில்லை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். நோன்பு தொடங்கியிருந்தது, அந்தி நேரத்துக் களைப்பு அவருக்கு.

திரையில் கொடி ஒன்று தையல் தையலாக வளர்ந்துகொண்டிருந்தது. ஓர் இலையை நகர்த்தினேன். இன்னொன்றை வைத்தேன். நூல் நிறத்தை மாற்றினேன்.

"இதுதானா நீ செய்யிற?" என்று கேட்டார் வாப்பா.

"ஓம் வாப்பா."

"ஒவ்வொரு தையலும் நீயா வைக்கிற?"

"கனக்க நான்தான். சிலத அது நிரப்பும்."

ஆறேழு வருசமாக நான் செய்கிற வேலை இது. 'மகள் கம்பியூட்டரில வேலை' என்றுதான் அவர் ஊரில் சொல்லிவந்தார். என்ன வேலை என்று அன்றைக்குத்தான் பார்த்தார். நான் கொஞ்சம் மெதுவாக வேலை செய்தேன், அவர் பார்க்கட்டும் என்று. ஓர் இதழைத் திறந்து, அதற்குள் தையல் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"உம்மாக்கு இதில ஒண்டு செய்வியா? பெருநாளைக்கு" என்றார்.

செய்தேன். மருதமுனைப் பட்டறைக்காரி, பிந்திய வேலைக்காக என்னோடு இருந்த கோபத்தை மறந்து, தானே முன்னால் நின்று அதைத் தைத்து அனுப்பினாள். கறுப்பில் கரும்பச்சைக் கொடி. நெஞ்சில் பெரிதாக ஒன்றுமில்லை, கையோரத்தில் மட்டும் மொட்டுகள். உம்மா அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அல்மாரியில் வைத்துப் பூட்டினார்.

பெருநாள் அன்று தொழுகை முடிந்து வீடு நிறைய ஆட்கள். பெண்கள் எல்லாரும் உம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எங்கே எடுத்தது, யார் தைத்தது என்று கேட்டார்கள். உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கட கம்பியூட்டர் தைச்சது" என்றார். "இஞ்ச வீட்டிலேயே வச்சு."

வாப்பா ஆண்கள் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "அது சும்மா கம்பியூட்டர் இல்ல. என்ஜின் பெரிசு" என்றார்.

என் கணவர், உண்மையைச் சொல்லட்டுமா என்பது போல என்னைப் பார்த்தார். என் கையில் பெருநாள் இனிப்பான வட்டலப்பத் தட்டு இருந்தது. நான் அதை முதலில் உம்மாவிடம் நீட்டினேன்.